மூலையைத் தூக்கிப் பார்ப்பவர்

மரியசெல்வம் எதையும் முதலில் மூலையைத்தான் தூக்கிப் பார்ப்பார். அரிசி மூட்டையாக இருக்கட்டும், கேஸ் சிலிண்டராக இருக்கட்டும், கல்யாண வீட்டுக்கு வந்து இறங்கிய பீரோவாக இருக்கட்டும், வலது கையின் இரண்டு விரல்களை அடியில் கொடுத்து, தரையிலிருந்து லேசாகக் கிளப்பி, கண்ணை மூடி நிற்பார். இறக்கி வைத்துவிட்டு ஒரே ஒரு வார்த்தை சொல்வார். பிடித்திருந்தால் "சரக்கு". பிடிக்காவிட்டால் "காத்து". போன வருஷம் எங்கள் வீட்டில் புது கிரைண்டர் வந்தபோது, யாரும் கூப்பிடாமலே தெருவைத் தாண்டி வந்து தூக்கிப் பார்த்தார். "காத்து" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். என் அம்மாவுக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல. அந்த கிரைண்டர் ஒரு மாதம்கூட ஒழுங்காக ஓடவில்லை. அதனால்தான் அவரை வெறும் சந்தேகப் பிராணி என்று ஒதுக்கிவிடவும் முடியவில்லை.

ஆவூரில் பெரிய மாதா கோயிலுக்குப் பின்னால் இருக்கிற தெருவில் அவர் வீடும் எங்கள் வீடும் எதிரெதிர். என் தையல் மெஷின் ஜன்னலோரம் கிடக்கிறது. அவர்கள் ஹால் ஜன்னலும் தெருவைப் பார்த்துத்தான் இருக்கிறது. மரியசெல்வம் குட்டையான ஆள். தோள் மட்டும் உயரமான ஒருவருடைய தோளைக் கடன் வாங்கி வைத்தது போல அகலமாக இருக்கும். சட்டையின் மேல் பொத்தானைப் போடவே மாட்டார்; சாவிக்கொத்தை ஜெபமாலையோடு சேர்த்துக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பதால் அடிக்கடி தொட்டுப் பார்க்க வசதியாக இருக்க வேண்டும். வீட்டைப் பூட்டினால் பூட்டைப் பிடித்து இழுப்பார். தெருமுனை வரை போவார். திரும்பி வந்து இன்னொரு முறை இழுப்பார். ஞானமணி அக்கா தெருமுனையிலேயே நின்று காத்திருப்பார். மரியசெல்வத்தின் மனைவி. கல்யாணமான நாளிலிருந்து அந்த முனையில் நின்று பழகியவர்.

பால்காரர் பாலை ஊற்றிவிட்டுச் சிரித்தால், "ஏன் சிரிக்கிறான்?" என்று கேட்பார். சிரிக்காவிட்டால் அதையும் கேட்பார். அவருடைய மகள் கோயம்புத்தூரிலிருந்து வீடியோவில் கூப்பிட்டால் போனைக் கையில் எடுக்கும் முன் அக்காவைப் பார்த்து, "திடீர்னு ஏன் கூப்புடுறா? இதுல என்ன உள்குத்து?" என்பார். ஒருநாள் அக்கா சொன்னது இங்கே எனக்கே கேட்டது: "இன்னைக்கு ஒங்க பொறந்தநாளு. அதான் உள்குத்து. எடுத்துப் பேசுங்க."

சிங்கப்பூரில் வெகுகாலம் வேலை பார்த்தவர். வீடு மாறுகிறவர்களின் சாமான்களைக் கட்டி, லாரியில் ஏற்றி, இன்னொரு வீட்டில் இறக்கி வைக்கும் கம்பெனி. மூலையைத் தூக்கும் பழக்கம் அங்கே வந்ததுதான். "பொட்டி மேல 'துணிமணி'ன்னு எழுதியிருப்பான். தூக்குனா இரும்பு. 'கண்ணாடி'ன்னு எழுதியிருப்பான். தூக்குனா புஸ்தகம். மனுசன் எழுதுறது, பேசுறது எதையும் நம்பக் கூடாதுத்தா. கனம் மட்டும் பொய் சொல்லாது" என்று ஒருநாள் ரவிக்கைத் துணியைக் கொடுக்க வந்த அக்காவோடு நின்றபடி என்னிடம் சொன்னார். சொல்லும்போதே என் மெஷினின் மூலையில் விரலைக் கொடுத்தார். "சரக்கு" என்றார். எனக்கு ஏனோ சந்தோஷமாக இருந்தது.

அந்த வேலையில் அவருக்குக் கிடைத்தவைதான் அந்த இரண்டு பலகைகள்.

ஆள் உயரத்துக்கு, கதவு மாதிரி நிற்கும். கறுப்புத் துணி போர்த்தியிருக்கும். தடிமன் என்று பார்த்தால் ஒரு கை அகலம்கூட இல்லை. கார்கோ மூலம் வந்து இறங்கியபோது தெருவே கூடி நின்று பார்த்தது. சோலார் என்றார் ஒருவர். கோயிலில் சாமியார் பாவசங்கீர்த்தனம் கேட்கும்போது மறைவுக்கு வைக்கப் புதிதாகத் தட்டி செய்து தருகிறார் என்றார் இன்னொருவர். அக்காவின் சொந்தத் தம்பியே, உள்ளே தங்கத்தைத் தகடாக அடித்து ஒளித்துக் கொண்டுவந்திருக்கிறார் என்று நம்பி, விருந்துக்கு வந்த இடத்தில் துணியை விரலால் அழுத்திப் பார்த்தாராம். அன்றிலிருந்து அந்த மச்சானுக்கு ஹாலில் நாற்காலி கிடையாது. அடுப்படியில்தான் உட்கார வேண்டும்.

அவை ஸ்பீக்கர்கள். ஊரில் நாம் பார்க்கிற பெட்டி ஸ்பீக்கர்கள் இல்லை. உள்ளே பெட்டியும் இல்லை, கூம்பும் இல்லை. மெல்லிய தாள் ஒன்றில் கம்பியை ஒட்டி, காந்தங்களுக்கு எதிரே இழுத்துக் கட்டியிருக்கிறார்கள். அந்தத் தாள் முழுவதும் அதிர்ந்து பாடும். முன்பக்கமும் சத்தம் வரும், பின்பக்கமும் வரும். சுவரோரமாகத் தள்ளி வைக்கக் கூடாது என்பதால் ஹாலின் நடுவில் நிற்கின்றன. அக்கா அவற்றைச் சுற்றிக்கொண்டுதான் அடுப்படிக்குப் போக வேண்டும். "வீட்டுக்குள்ள ரெண்டு வாசக்கால வச்சுட்டு சுவத்தக் காணோம்" என்பார்.

சிங்கப்பூரில் ஒரு வயதான வக்கீல் வீட்டைக் காலி செய்யப் போனபோது, அந்த வக்கீல் கடைசியாக ஒரு பாட்டுப் போட்டாராம். ஒரு பெண் பாடுகிறாள். மரியசெல்வம் கையிலிருந்த அட்டைப் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு, பலகைக்குப் பின்னால் போய்ப் பார்த்திருக்கிறார். "பொம்பள மறைஞ்சு நின்னு பாடுறான்னுதான் நெனச்சேன். மூச்சு விடுறது கேட்டுச்சு. பாட்டுக்கு நடுவுல எச்சி முழுங்குறது கேட்டுச்சு." வக்கீல் சிரித்துவிட்டு, மகன் வீட்டில் இதற்கு இடமில்லை, நீயே எடுத்துக்கொள் என்றாராம். இவர் உடனே வாங்கிக்கொள்ளவில்லை. அன்று முழுவதும் அதில் உள்குத்து என்ன என்று யோசித்திருக்கிறார். உள்குத்து இருக்கத்தான் செய்தது. ஆம்ப்ளிஃபயரை வக்கீல் கையோடு கொண்டுபோய்விட்டார்.

ஊருக்கு நிரந்தரமாக வந்த பிறகுதான் அது எவ்வளவு பெரிய உள்குத்து என்று தெரிந்தது. அந்தப் பலகைகள் கரண்டைக் குடிப்பவை. வீட்டில் டிவிக்கு வைத்திருந்த ஆம்ப்ளிஃபயரை மாட்டினால் கொசு பாடுவது போலத்தான் பாடின. சத்தத்தைக் கூட்டினால் கரகரத்தன. அப்படிக் கரகரக்க விட்டால் உள்ளிருக்கும் கம்பியே எரிந்துபோகும் என்று யாரோ சொன்னதில் அதையும் கழற்றிவிட்டார். வக்கீலிடம் இருந்தது இரண்டு ஆள் தூக்குகிற ஆம்ப்ளிஃபயர். அதை ஒற்றை ஆளாக லாரியில் ஏற்றியவர் மரியசெல்வம். "என் கையால ஏத்துனேன். சரக்குன்னா அது சரக்கு" என்று இன்றைக்கும் சொல்வார்.

ஒற்றை ஆளாக ஏற்றியதெல்லாம் உடம்பில் எங்கோ எழுதப்பட்டிருந்தது. போன மழைக்காலத்தில் இடப்பக்கம் குடல் இறங்கி, முறுக்கிக்கொண்டு, ஆம்புலன்ஸில் புதுக்கோட்டைக்குக் கொண்டுபோனார்கள். வயிற்றைக் கிழித்து, உள்ளே வலை வைத்துத் தைத்தார்கள். கொஞ்சம் தாமதித்திருந்தால் ஆளே இல்லை என்றாராம் டாக்டர். இனி ஒரு குடம் தண்ணீரின் கனத்துக்கு மேல் எதையும் தூக்கக் கூடாது. வலை கிழிந்தால் மறுபடி தைப்பது இவ்வளவு சுலபமாக இருக்காது. டாக்டர் சொன்னதை அக்கா கொடிமரத்தடியில், ரேஷன் கடையில், எங்கள் வீட்டில் என்று எல்லா இடத்திலும் சொல்லி வைத்தார். அவர் எதையாவது தூக்குவதை யார் பார்த்தாலும் தனக்குச் சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொண்டார்.

பார்த்தால் சொல்ல வேண்டியவர்களில் நானும் ஒருத்தி.

இதற்குப் பிறகுதான் பலகைகளுக்கான ஆம்ப்ளிஃபயரை அன்னவாசல் குழந்தைசாமியிடம் சொல்லிச் செய்து வாங்கினார். குழந்தைசாமி சுற்றுவட்டாரத்துக்கே மைக் செட்டு ஆம்ப்ளிஃபயர் செய்து கொடுப்பவர். ஆட்டோவில் வந்து இறங்கிய சாமானை இரண்டு பேர் பிடித்து ஹாலில் வைத்தார்கள். மரியசெல்வம் மூலையில் விரலைக் கொடுத்தார். மூலை எழும்பவில்லை. அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதியை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"சரக்கு" என்றார்.

"பின்ன? ஒங்களுக்குன்னு சொல்லிச் செஞ்சதுண்ணே" என்றார் குழந்தைசாமி.

"அது சரி, இத யாரு தூக்குறது?" என்று கேட்டார் அக்கா.

கேட்க வேண்டிய கேள்விதான். ஏனென்றால் மரியசெல்வம் அதை ஹாலில் விட்டுவிட்டு வெளியே போக மாட்டார். ஜன்னல் தெருவைப் பார்த்து இருக்கிறது. பார்க்கிறவன் இன்றைக்குப் பார்ப்பான், நாளைக்கு வருவான். வீட்டைப் பூட்டும் முன் அதை உள்ளறைக்குக் கொண்டுபோய்க் கட்டிலுக்கடியில் தள்ள வேண்டும். பலகைகளைப் பற்றி அவருக்குக் கவலை இல்லை, "அத எவனும் ஸ்பீக்கர்னு நெனைக்க மாட்டான்" என்பார். பக்கத்து வீட்டுப் பெரியண்ணனைக் கூப்பிட்டுத் தூக்கச் சொல்லலாம் என்றார் அக்கா. அவர் சம்மதித்தார். ஆனால் பெரியண்ணன் தூக்கிப்போன ஒவ்வொரு முறையும் பின்னாலேயே நடந்து, அவர் கண் உள்ளறையில் எங்கெங்கே போகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். "கை உதவி பண்ணுது. கண்ணு எடம் பாக்குது" என்று பெரியண்ணன் போன பிறகு சொன்னார்.

ஒரு செவ்வாய்க்கிழமை அக்கா விடியற்காலைப் பூசைக்குப் போயிருந்தார். திருச்சியில் ஒரு சாவுக்கு இரண்டு பேரும் போக வேண்டும். நான் மெஷினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தேன். எதிர் ஹாலில் மரியசெல்வம் வயர்களைக் கழற்றினார். ஜன்னல் பக்கம் வந்து தெருவை இரண்டு பக்கமும் பார்த்தார். என் ஜன்னலைப் பார்க்கவில்லை. ஜன்னலின் ஒரு கதவை மட்டும் சாத்தினார். குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். அந்த ஆம்ப்ளிஃபயரை, தூங்குகிற பிள்ளையை எடுப்பது போல, நெஞ்சோடு சேர்த்து எடுத்தார். எழுந்தார். முதுகு பின்னால் வளைந்தது. உள்ளறைக்குள் போனார். வெகுநேரம் வெளியே வரவில்லை. வந்தபோது சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தார். இடது கை வேட்டி மடிப்புக்குள் இருந்தது.

அக்கா வந்ததும், "யாரு தூக்கி வச்சா?" என்று கேட்டது என் காதில் விழுந்தது.

"பெரியண்ணன்தான். இப்பத்தான் போறான்."

பெரியண்ணன் அன்று ஊரிலேயே இல்லை. விராலிமலைக்குப் போயிருந்தார். அக்கா அவர் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு பேருந்துக்கு நேரமாகிவிட்டது. நான் எண்ணெய்க் கிண்ணத்தை மூடி வைத்தேன். யாரும் என்னைக் கேட்கவில்லை. அந்த வாரம் முழுவதும் அவருடைய இடது கை அந்த மடிப்பை விட்டு வெளியே வரவில்லை. சாவிக்கொத்தைத் தொட வேண்டுமென்றாலும் வலது கையைத்தான் கொண்டுவந்தார்.

இதற்கிடையில் குழந்தைசாமி செய்த அந்தச் 'சரக்கு' தன் வேலையைக் காட்டத் தொடங்கியது. பாட்டு நன்றாகத்தான் எழும்பும். கோரஸ் வருகிற இடத்தில் பொட்டென்று நின்றுவிடும். தொட்டால் தோசைக்கல். மரியசெல்வம் முதலில் கரண்ட் ஆபீஸைச் சந்தேகப்பட்டார். பிறகு வயரை. பிறகு, ஹாலுக்குள் வந்து போகும்போது அக்கா எதையோ மிதித்துவிடுகிறார் என்று. "ஆமா, ஒங்க பாட்ட நிறுத்தத்தான் நான் பொறந்தேன்" என்றார் அக்கா. குழந்தைசாமிக்குப் போன் செய்தால், "அந்தப் பலகை ரொம்பக் குடிக்குதுண்ணே, என் செட்டு மேல குத்தமில்ல" என்றார். கடைசியில் அக்கா ஒரு முடிவுக்கு வந்தார். "நல்லதா ஒண்ணு வாங்குங்க. ஆனா நீங்க தூக்குற மாதிரி வாங்குங்க. இல்ல, அந்த ரெண்டு கதவையும் கொண்டுபோய்க் கோயில்ல குடுத்துருவேன்."

லைனிங் துணி எடுக்க வேண்டியிருந்ததால் நானும் அவர்களோடு புதுக்கோட்டைக்குப் போனேன். கடையில் தேவிப்ரியா என்று ஒரு பெண் இருந்தாள். முப்பது வயதுக்குள் இருக்கும். அப்பா தொடங்கிய கடையை இப்போது அவள்தான் பார்க்கிறாள்.

"என்ன ஸ்பீக்கருங்கய்யா?"

"பலக."

"பலகையா?"

மரியசெல்வம் போனில் படத்தைக் காட்டினார், பாதியைக் கையால் மறைத்தபடி. அவள் எழுந்தே நின்றுவிட்டாள். "இத நான் நெட்ல பாத்ததோட சரி. நம்ம பக்கம் யாருகிட்டயும் கெடையாதுங்களே. யாருங்க குடுத்தாங்க?"

"ஏன் கேக்குற?"

"சும்மாதான்."

"சும்மா யாரும் கேக்க மாட்டாங்க."

"அந்தப் புள்ள கேட்டா சொல்லுங்களேன்" என்றார் அக்கா. "களவாண்டா கொண்டாந்தீங்க?"

அவள் முதலில் கீழே இருந்த ஒரு பெரிய ஆம்ப்ளிஃபயரைக் காட்டினாள். அது அந்தப் பலகைகளைத் தாராளமாக இழுக்கும் என்றாள். மரியசெல்வம் குனிந்து விரலைக் கொடுத்தார். "கையை எடுங்க" என்றார் அக்கா, கடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கும்படி. டாக்டர் சொன்னது முழுவதையும் தேவிப்ரியாவிடம் சொன்னார். அவள் கேட்டுவிட்டு, மேல் தட்டிலிருந்து ஒன்றை ஒரே கையால் எடுத்து வந்து மேஜைமேல் வைத்தாள். சாப்பாட்டுக் கேரியரைப் படுக்கப்போட்டது போல இருந்தது.

"இதுவும் அதே பவர்தாங்கய்யா."

மரியசெல்வம் மூலையில் விரலைக் கொடுத்தார். மூலையோடு முழுச் சாமானும் எழும்பி மறுபக்கம் சறுக்கியது. அவள் பிடித்துக்கொண்டாள். அவர் அக்காவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார்.

"காத்து."

"காத்து இல்லைங்கய்யா. பழைய ட்யூப் லைட்டுச் சோக்கு ஞாபகம் இருக்கா? மண்டையில விழுந்தா செத்துருவோம். இப்ப சோக்கு தீப்பெட்டி கனம்தான். லைட்டு மங்கலாவா எரியுது? உள்ள இரும்புக்குப் பதிலா வேற ஏற்பாடு. கரண்ட எடுக்குற விதம் வேற. அவ்வளவுதான்."

"அப்ப இவ்வளவு நாளும் பெருசு பெருசா ஏன் வித்தீங்க?"

"பெருசு கேட்டவங்களுக்கு வித்தோம்."

அவர் கன்னத்தின் உள்பக்கத்தைக் கடித்துக்கொண்டிருந்தார். அவள் சொன்னாள்: "ஒண்ணு செய்வோம். ஞாயித்துக்கெழம நானே எடுத்துட்டு வாரேன். மாட்டிப் பாருங்க. புடிக்கலன்னா எடுத்துட்டுப் போயிறேன்."

இதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை. "எதுக்கு? ஒனக்கு என்ன வந்துச்சு? ஆவூருக்கு வந்து மாட்டிக் காட்டுறதுல ஒனக்கென்ன லாபம்? இதுல என்ன உள்குத்து?"

"அந்தப் பலகையில நான் ஒரு பாட்டு கேக்கணும்யா. ஒரே ஒரு பாட்டு. அதான் உள்குத்து."

உள்குத்து என்னவென்று தெரிந்த பிறகுதான் அவர் முகம் தெளிந்தது. சரி என்றார். பேருந்தில் வரும்போது மட்டும் இரண்டு முறை என்னைத் திரும்பிப் பார்த்து, "ஒரே ஒரு பாட்டுன்னுதான சொன்னா?" என்று கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமைக்கு அவர் குழந்தைசாமியையும் வரச் சொல்லியிருந்தார். இரண்டு பேரை எதிரெதிரே நிறுத்தினால்தான் உண்மை வெளியே வரும் என்பது அவருடைய முறை. தேவிப்ரியா ஸ்கூட்டியில் வந்தாள். ஆம்ப்ளிஃபயர் அவள் காலுக்கிடையில், காய்கறிப் பையோடு இருந்தது. குழந்தைசாமி அதைப் பார்த்துவிட்டு, "ஏம்மா, கத்திரிக்கா எந்தப் பை, செட்டு எந்தப் பை?" என்றார். அவளும் சிரித்தாள். அக்கா என்னையும் கூப்பிட்டு உட்கார வைத்தார். நான் கதவோரமாக உட்கார்ந்தேன்.

முதலில் சரக்குக்குத்தான் வாய்ப்பு. பெரியண்ணன் வந்து அதை உள்ளறையிலிருந்து தூக்கிவந்து வைத்துவிட்டுப் போனார். மகள் பென்டிரைவில் போட்டு அனுப்பிய மாதா பாட்டு. ஒரு பெண் குரல். பலகைகள் பாடத் தொடங்கின. கோரஸ் வந்தது. பொட்டென்று நின்றது.

குழந்தைசாமி வயரை ஆட்டினார். தேவிப்ரியா ஆம்ப்ளிஃபயர்மேல் கையை வைத்துப் பார்த்துவிட்டு, "மூடியத் தொறந்து பாக்கலாமா?" என்று கேட்டாள்.

"தொறந்தா வாரண்டி போயிரும்."

மரியசெல்வம் குழந்தைசாமியைத் திரும்பிப் பார்த்தார். "அதுல என்ன உள்குத்து?"

"உள்குத்தெல்லாம் ஒண்ணுமில்லண்ணே. தூசி போகும்."

"தூசி போகட்டும்" என்று சொல்லிவிட்டு அவரே போய் ஸ்க்ரூ டிரைவரை எடுத்துவந்து தேவிப்ரியாவின் கையில் கொடுத்தார். அவள் திருகாணிகளைக் கழற்றி மூடியை எடுத்தாள். எல்லோரும் குனிந்தோம். ஒரு பக்கம் தேங்காய் அளவில் டிரான்ஸ்ஃபார்மர். நடுவில் கொஞ்சம் சாமான்கள். மற்ற இடம் முழுவதையும் அடைத்துக்கொண்டு, அடித்தகட்டில் பசை போட்டு ஒட்டி, கறுப்பாக ஒன்று கிடந்தது.

அக்காதான் முதலில் பேசினார். "இது அடுப்படி மேடைக்குப் போடுற கடப்பாக்கல்லுல்ல?"

குழந்தைசாமி தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். அவர் ஓடி ஒளிவார் என்று நினைத்தேன். அவருக்குக் கோபம்தான் வந்தது.

"ஆமா, கல்லுதான். இப்ப என்ன? மொதல்ல கல்லு இல்லாமத்தான் செஞ்சேன். ஒரு பய வாங்கல. வாரவன் பூராம் மூலையத் தூக்கிப் பாக்குறான், 'என்னய்யா டப்பாவாட்டம் இருக்கு'ங்குறான், போயிர்றான். நீங்களும் எங்கிட்ட என்ன கேட்டீங்கண்ணே? எத்தன பாட்டு தாங்கும்னு கேட்டீங்களா? எம்புட்டுச் சூடு ஏறும்னு கேட்டீங்களா? 'கனமா இருக்கணும்'னு கேட்டீங்க. கனமா செஞ்சேன். ஒங்க வெரலுக்காக வச்ச கல்லுண்ணே அது!"

தேவிப்ரியா வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பா, வேறு ஏதாவதா, தெரியவில்லை. மரியசெல்வம் திட்டவில்லை. பக்கத்தில் கிடந்த முக்காலியில் மெதுவாக உட்கார்ந்தார்.

"கல்லு எம்புட்டு இருக்கும்?" என்று கேட்டார்.

"பாதிக் கனம் கல்லுதாண்ணே."

"கல்லையா நான்..." என்று தொடங்கி நிறுத்திக்கொண்டார்.

"கல்லை என்ன?" என்றார் அக்கா.

"ஒண்ணுமில்ல. அந்தப் பாட்டப் போடச் சொல்லு."

அக்கா அவரையே பார்த்தார். செவ்வாய்க்கிழமை பார்த்த அதே பார்வை. அதற்குள் தேவிப்ரியா வயர்களைத் தன் சின்ன ஆம்ப்ளிஃபயரில் மாட்டிவிட்டாள். அது தரையில், பலகைகளுக்கு நடுவே, யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன டிபன் பாக்ஸ் மாதிரி கிடந்தது. அவள் பாட்டைப் போட்டாள்.

அந்தப் பெண் ஹாலுக்குள் வந்து நின்று பாடினாள். வேறு எப்படிச் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. வரிகளுக்கு நடுவில் அவள் மூச்சு வாங்கியது கேட்டது. கோரஸ் வந்தது. நிற்கவில்லை. பின்னால் பாடியவர்கள் தனித்தனி ஆட்களாக, தனித்தனி இடத்தில் நின்றார்கள். அக்கா முந்தானையைத் தோளோடு இழுத்துப் போர்த்திக்கொண்டார், வீட்டுக்கு அன்னியர் வந்துவிட்டதைப் போல. தேவிப்ரியா கண்ணை மூடியிருந்தாள். குழந்தைசாமி குனிந்து அந்தச் சின்னப் பெட்டியின்மேல் உள்ளங்கையை வைத்தார். எடுத்தார். மறுபடி வைத்தார். "சூடே இல்லண்ணே" என்றார், பாட்டுக்குத் தொந்தரவில்லாமல், ரகசியம் போல.

மரியசெல்வம் மட்டும் பாட்டைக் கேட்கிற மாதிரி இல்லை. கழற்றி வைத்திருந்த அந்த மூடியையும், உள்ளே கிடந்த கல்லையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

பாட்டு முடிந்தது. "ஒண்ணுதான் கேக்குறேன்னு சொன்னேன், கேட்டுட்டேன்" என்று சொல்லி தேவிப்ரியா கரண்டை அணைத்து வயர்களை உருவினாள். குழந்தைசாமியும் அவளும் ஒரு பலகைக்குப் பின்னால் போய், துணிக்குள் காந்தங்கள் எந்த வரிசையில் இருக்கின்றன என்று டார்ச் அடித்துப் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். சண்டைக்காரர்கள் இவ்வளவு சீக்கிரம் கூட்டாளிகள் ஆனதை வேறொரு நாளாக இருந்தால் மரியசெல்வம் சும்மா விட்டிருக்க மாட்டார்.

அக்காவின் முகம் மலர்ந்திருந்தது. பல மாதக் கவலை இறங்கிய முகம். "ஏங்க, நம்ம இதையே வச்சுக்குவோம். எந்திரிங்க, அத எடுத்து அந்தச் செல்புல வைங்க. இதத் தூக்குனா டாக்டர்கூட ஒண்ணும் சொல்ல மாட்டாரு. நீங்களே தூக்கலாம்."

அவர் எழுந்தார். குனிந்தார். மூலையைத் தொடவில்லை. இரண்டு கையாலும் பிடித்து எடுத்தார். முழங்கால் உயரம் வரைக்கும் அது வந்தது. அங்கேயே நின்றது. அவர் உதடுகள் உள்ளே மடிந்தன. பிறகு எடுத்த இடத்திலேயே, சத்தமில்லாமல் இறக்கி வைத்துவிட்டார்.

"என்னண்ணே, அதுலயும் கல்லு இருக்கா?" என்றார் குழந்தைசாமி பலகைக்குப் பின்னாலிருந்து.

மரியசெல்வம் அந்தப் பக்கம் திரும்பவில்லை. நிமிராமல், அப்படியே குனிந்தபடி, ஞானமணி அக்காவின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தார். அந்தக் கையை வேட்டி மடிப்புக்கு மேலே, இடப்பக்கம், தையலுக்குப் பக்கத்தில் புடைத்திருந்த இடத்தில் கொண்டுபோய் வைத்து, தன் கையால் அதை மூடி அழுத்திக்கொண்டார்.